இத்தால் அறியத்தருவது யாதெனில்…

ஹைலெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் நான் குடியேறி இருபது வருடங்களுக்கு மேலாகின்றது. கிருலப்பனையின் இந்தப் பகுதியில் எனக்குப் பத்திரிகையாளன் என்ற பெயரை விடக் 'கடிதம் வாசிக்கிறவர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மாலையில் வீடு திரும்பினால் யாராவது ஒருவர் பழுப்பு நிறக் கடித உறையுடன் வாசலில் நிற்பார். பரீட்சைத் திணைக்களம், நீர் வழங்கல் சபை, வங்கி, பாடசாலை என்று எங்கிருந்தாவது ஒரு கடிதம் வந்திருக்கும். முன்னரெல்லாம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த கடிதங்களை மொழிபெயர்த்துச் சொல்லவே என்னைத் தேடி வந்தார்கள். இப்பொழுது வருகின்றவை பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்பட்டவை. ஆயினும் வருகின்றவர்களின் தொகை குறையவில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். அறுபதைக் கடந்தவர். கணவர் இறந்த பின்னர் ஓர் அலுவலகத்திலிருந்து மாதாந்தம் கிடைக்கும் சிறு தொகையில்தான் வீட்டு அலுவல்கள் நடக்கின்றன. கடிதத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, இது வந்து மூணு கிழமையாச்சு. பேர வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சதும் எடுத்து அலுமாரியில வெச்சிட்டேன். மகள்தான் உங்ககிட்ட ஒருக்கா காட்டச் சொன்னா" என்றார்.

கடிதத்தின் உயிரான வாக்கியம் இது: "மேற்படி விடயம் தொடர்பில் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள் போதியனவாகக் காணப்படாமையினால், இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படத் தவறுமிடத்துத் தங்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது தொடர்பில் நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதை இத்தால் அறியத்தருகின்றேன்."

அவருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கவில்லை. வெட்டாமல் இருக்க வேண்டுமானால் இன்ன தினத்துக்குள் ஆவணங்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆனால் அக்காவின் கண்ணில் பட்டவை 'பெயர்', 'நீக்கப்படுவது', 'நடவடிக்கை' என்ற மூன்று சொற்கள் மாத்திரமே. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். எழுத்து அவருக்குத் தெரியாததல்ல. அந்த வாக்கியத்தின் எழுவாயையும் பயனிலையையும் தேடிப் பிடிக்க எனக்கே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. அவர் என்ன செய்வார்? குறித்த 14 நாட்களும் அலுமாரிக்குள்ளேயே கழிந்துவிட்டன.

எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. அது ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் குற்றமும் அன்று.

நமது நாட்டில் அலுவலகத் தமிழைப் பற்றி எழுதப் புகும் எவரும் பிழைகளைப் பட்டியலிட்டுச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். பஸ் வண்டியில் கர்ப்பிணித் தாய்மாரை நாய்மாராக்கிய அறிவித்தலை நாம் எல்லோரும் பார்த்தாயிற்று, பகிர்ந்தாயிற்று, கோபப்பட்டாயிற்று. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அக்காவுக்கு வந்த கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. சந்தி சரியாக இருந்தது. ஒற்று எங்கும் விடுபடவில்லை. பலகையில் ஓர் எழுத்துத் தவறினால் நமக்குச் சிரிப்பு வரும். யாருக்கும் வருமானம் போவதில்லை. இலக்கணச் சுத்தமான இந்தக் கடிதத்தாலோ ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போகவிருந்தது. எதைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும்?

தமிழில் ஓர் அரசாங்கக் கடிதம் வருவதற்காக நாம் கொடுத்த விலையை இளைய தலைமுறையினர் பலர் அறியமாட்டார்கள். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கியது. 1958 இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் வருவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. மறு ஆண்டு 16 ஆவது திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை வரையறுத்தது. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருகின்றவர்கள் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 1956 இல் பிறந்த ஒரு தமிழ்க் குழந்தை முப்பத்தொரு வயதை எட்டிய பின்னர்தான் அதன் மொழிக்கு அரசியலமைப்பில் அந்த இடம் கிடைத்தது. இடையில் நடந்தவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, தமிழில் வந்த கடிதத்தைத் தமிழருக்கு வாசித்துப் பொருள் சொல்ல ஒருவர் தேவைப்படுகின்றார்!

இந்த நடை எங்கிருந்து வந்தது? தமிழில் கடிதம் எழுதுவதற்கு நமக்கென்று ஒரு மரபு இருந்தது. 'ம-ள-ள-ஸ்ரீ' என்று தொடங்கி, நலம் கூறி, நலம் விசாரித்து, பின்னர் விடயத்துக்கு வருவது. அதிலும் ஆடம்பரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன சொல்கிறார் என்பதில் மயக்கம் இருந்ததில்லை. இன்றைய அலுவலகக் கடிதத்தின் மூதாதை வேறு. வெள்ளைக்காரக் கச்சேரியின் ஆங்கிலக் கடிதம் அது. 'பணிக்கப்பட்டுள்ளேன்', 'தங்களின் இன்ன திகதிய கடிதம் தொடர்பாக', 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' எல்லாம் அந்த ஆங்கில வாய்பாடுகளின் நிழல்கள். கொழும்பு அலுவலகங்களில் இன்னொரு படியும் உண்டு. கடிதம் முதலில் சிங்களத்தில் வரையப்படுகின்றது. சிங்களத்துக்கும் நம்மைப் போலவே எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. ஆங்கில வாய்பாட்டை எழுத்துச் சிங்களத்துக்கு மாற்றி, அதனை ஒரு மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, மேலதிகாரியின் கையொப்பத்துக்கு அனுப்புகின்றார். மூலத்தை விட்டு ஒரு சொல் விலகினாலும் கேள்வி வரும் என்ற பயம் மொழிபெயர்ப்பாளருக்கு. மூன்று வீடு மாறி வந்த பானையில் எத்தனை கீறல் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரித்தானியர் இந்த நாட்டை விட்டுச் சென்றது 1948 இல். அதே 1948 இல்தான் அவர்களுடைய திறைசேரி, ஓய்வுபெற்ற அதிகாரியான சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்பவரைக் கொண்டு எழுதுவித்த ஒரு சிறு நூலை வெளியிட்டது. அரச ஊழியர்கள் மக்களுக்கு எளிய சொற்களில் எழுத வேண்டும் என்பதே அதன் பொருள். அவர்கள் தங்கள் கந்தோர் நடையைச் சீர்திருத்தத் தொடங்கிய ஆண்டில், நாம் அவர்கள் கைவிடத் தொடங்கிய நடையைச் சீதனமாகப் பெற்றுக்கொண்டோம். அமெரிக்காவில் 2010 இல் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றினார்கள். நாமோ சீதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்துப் பூசிக்கின்றோம்.

நிற்க. நான் இவ்வாறு எழுதுவதைப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் பேசுவது போலவே எழுதிவிட்டுப் போகலாமே' என்று சில நண்பர்கள் கேட்பார்கள். அலுவலகங்களில் இன்றைய இளைஞர்களின் கட்சியும் அதுதான். அங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகின்றேன். காரணத்தைச் சொல்வதற்கு இன்னொரு வாசல் காட்சியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன். வயது இருபத்து மூன்று. ஒரு தனியார் நிறுவனத்தில் களஞ்சியப் பகுதியில் வேலை. மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றி அன்று பகலில் மேலாளரோடு சிறு வாக்குவாதம். இரவு பத்து மணிக்கு அவனுடைய கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகின்றது: "நாளைக்கு வர வேணாம்." அவ்வளவுதான். பின்னால் ஒரு சிரிப்பு முகம்.

வாக்குவாதத்துக்குப் பரிகாரமாக ஒரு நாள் லீவு தந்திருக்கிறார் என்று பையன் எண்ணிக்கொண்டான். சிரிப்பு முகம் இருந்ததல்லவா! மறுநாள் வீட்டில் நின்றான். அதற்கடுத்த நாள் போகலாமா, வேண்டாமா என்ற சந்தேகத்தில் அழைத்துப் பார்த்தான், பதில் இல்லை. அன்றைக்கும் போகவில்லை. நான்காம் நாள் வந்தது ஒரு கடிதம், சுத்தமான ஆங்கிலத்தில், முறையான தலைப்புத் தாளில். அறிவித்தலின்றி வேலைக்குச் சமுகமளிக்காததனால் அவன் தானாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுகின்றது என்று அதில் இருந்தது. வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. அழிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஒரு வரி மாத்திரம் மிச்சம்.

தொலைபேசியை என்னிடம் நீட்டி, "அங்கிள், அவர் என்னை நிப்பாட்டினாரா, லீவு தந்தாரா?" என்று கேட்டான். முப்பது வருடம் செய்திகளைச் செப்பனிட்டவன் நான். எனக்கும் விடை தெரியவில்லை. 'நாளைக்கு' என்றால் நாளை மாத்திரமா, நாளையிலிருந்தா? பேச்சில் குரல் இருக்கின்றது, முகம் இருக்கின்றது, ஐயம் வந்தால் திருப்பிக் கேட்கலாம். பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கி அனுப்பும்போது அவை மூன்றும் கழன்றுவிடுகின்றன. எஞ்சுவது எப்படியும் வளைக்கக்கூடிய மூன்று சொற்கள். மேலாளருக்குத் தேவையாக இருந்ததும் அந்த வளைவுதான் என்பது என் ஊகம்.

அலுவலகத்தில் முறைசார்ந்த எழுத்து எதற்காக என்பதை அந்தப் பையனுக்கு விளக்க நான் தமிழ் மரபைத் துணைக்கு அழைக்கவில்லை, சட்டத்தைத்தான் அழைத்தேன். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு அவருடைய வேலை, சம்பளம் முதலிய விபரங்கள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால் அதற்கான காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கின்றது. இந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் எழுத்தின் அழகைப் பற்றிக் கவலைப்பட்டவர்களல்லர். எழுத்தில் இருந்தால் முதலாளி பின்னர் மாற்றிச் சொல்ல முடியாது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முறைசார்ந்த கடிதம் என்பது அடிப்படையில் பலவீனமான தரப்பின் கையிலிருக்கும் ஆயுதம். அதை 'பழங்காலத்துச் சம்பிரதாயம்' என்று இளைஞர்கள் தாங்களாகவே வீசிவிடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கின்றது.

பையனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. செய்தி வந்த இரவே அதைப் படமெடுத்து, 'நாளைக்கு லீவு' என்று எழுதி, வெளிநாட்டிலிருக்கும் தாய்க்கு அனுப்பியிருந்தான். மின்னணு வடிவில் இருப்பதனால் மாத்திரம் ஓர் ஆவணத்துக்குச் சட்டவலு மறுக்கப்படலாகாது என்று 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கின்றது. நாரஹேன்பிட்டிக்குப் போய்த் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டதும் நிறுவனம் சம்பள நிலுவையையும் மேலும் ஒரு தொகையையும் கொடுத்துச் சமாதானமாகிவிட்டது. அந்தப் படம் இல்லாதிருந்தால்?

ஆகவே அக்காவின் கடிதத்தையும் பையனின் குறுஞ்செய்தியையும் நான் அருகருகே வைத்துப் பார்க்கின்றேன். ஒன்று உச்சமான செந்தமிழ் வேடம். மற்றையது உச்சமான நட்பு வேடம். இரண்டிலும் வாசித்தவர் ஊகிக்க விடப்பட்டார். இரண்டிலும் எழுதியவர் தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது.

இந்தக் கதவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நானும் அதன் வழியாகப் பல முறை தப்பியிருக்கின்றேன். 1990களில் செய்தி மேசையில் நாங்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய வினை எது தெரியுமா? 'தெரிவிக்கப்படுகின்றது.' அதற்கு அடுத்தது 'கூறப்படுகின்றது.' போர்ச் செய்திகளுக்கு 1998 இலும் 2000 இலும் தணிக்கை இருந்த நாடு இது. யார் சொன்னார் என்று எழுதினால் சொன்னவருக்கு ஆபத்து. யார் செய்தார் என்று எழுதினால் எழுதியவருக்கு ஆபத்து. செயப்பாட்டு வினை எங்களுக்கு ஒரு பதுங்குகுழியாக இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வெட்கப்பட ஏதுமில்லை.

ஆனால் மாதாந்தக் கொடுப்பனவுக் கடிதம் எழுதும் இலிகிதருக்கு மேலே எந்த விமானமும் பறக்கவில்லை. அவர் ஏன் பதுங்குகின்றார்? 'தீர்மானிக்கப்பட்டுள்ளது', 'நடவடிக்கை மேற்கொள்ளப்படும்', 'போதியனவாகக் காணப்படவில்லை.' யார் தீர்மானித்தார்? யார் மேற்கொள்வார்? யார் கண்டார்? நமது பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அநேகமாக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'பிள்ளை அடிக்கப்பட்டது' என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. யாரோ பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வாள். பேசும்போது வினைக்கு ஓர் ஆளை நிறுத்தியே ஆக வேண்டும். பேச்சிலிருந்து கந்தோர்த் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். கொச்சையை அல்ல, சிரிப்பு முகத்தையும் அல்ல.

அக்காவின் கடிதத்தை நான் ஒரு தாளில் திருப்பி எழுதிப் பார்த்தேன்: "நீங்கள் தந்த ஆவணங்கள் போதவில்லை. பின்வரும் இரண்டு ஆவணங்களையும் இன்ன திகதிக்கு முன்னர் எமது அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஒப்படைக்காவிட்டால் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வரும்." இதில் ஒரு கொச்சைச் சொல் இல்லை. ஒற்றும் சந்தியும் அப்படியே இருக்கின்றன. மரியாதை குறைந்ததா? 'நீங்கள்' இருக்கின்றது, 'ஒப்படையுங்கள்' இருக்கின்றது. தமிழில் மரியாதை வினையின் முடிவிலும் முன்னிலைப் பெயரிலும் குடியிருக்கின்றது; வாக்கியத்தின் நீளத்தில் அல்ல. இப்படி எழுதத் தொடங்கியதும் எனக்கு இன்னொன்றும் புலப்பட்டது. மூலக் கடிதத்தில் 'உரிய ஆவணங்கள்' எவை என்று எங்குமே சொல்லப்படவில்லை! எளிமையாக எழுத முயன்றபோதுதான் அந்த வெற்றிடம் தெரிந்தது. எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது. அவருடைய வாக்கியத்தின் நீளம் அவரிடமிருந்தும் அதை மறைத்துவிட்டது.

மரியாதை என்றதும் 'நீர்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. எழுத்தில் 'தாங்கள்' நான்காவது. 'நீர்' அங்கே வயதில் இளையவரை அன்போடும் ஓரளவு மதிப்போடும் அழைப்பது. எங்கள் ஆசிரியபீடத்தில் வடக்கைச் சேர்ந்த ஒரு மூத்தவர், ஹட்டன் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பிக்கு, "நீர் எழுதிய கட்டுரை கிடைத்தது. இன்னும் சுருக்கித் தாரும்" என்று சிறு குறிப்பு எழுதி அனுப்பினார். அவர் எழுதியது செல்லமாக. தம்பி முகம் கறுத்துப் போய் என்னிடம் வந்து, "அண்ணே, நான் என்ன தப்புப் பண்ணினேன்? கோர்ட்டுல இருந்து அழைப்பாணை வந்த மாதிரி 'நீர்' போட்டிருக்காரே" என்றார். அவர் வளர்ந்த மலையகப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. நீதிமன்றத் தாள்களில் மாத்திரமே அதைக் கண்டிருந்தார்.

பேச்சு வழக்கிலேயே எழுதுவோம் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: யாருடைய பேச்சு வழக்கு? ஒரு கொழும்பு அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள், நீர்கொழும்புக்காரர் என்று ஐந்து தமிழ் ஒரே மேசையைச் சுற்றி இருக்கின்றது. வகுப்பில் தமிழ் கற்றுக்கொண்டு வந்த சிங்கள அதிகாரி ஆறாவது. அவர் கற்றது எழுத்துத் தமிழ். 'வருகின்றீர்களா' என்று கேட்பார், 'வாறியளா' என்றால் விழிப்பார். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரே முற்றம் எழுத்துத் தமிழ்தான். ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருந்து இதை வாசிக்கின்றவர்களும் அந்த முற்றத்தில்தானே என்னைச் சந்திக்கின்றீர்கள்? 1960களின் முற்பகுதியில் இங்கே நடந்த மரபுப் போராட்டத்தில், கதை மாந்தரின் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் ஒதுக்கியபோது, முற்போக்கு எழுத்தாளர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். நான் மாணவனாக அந்த விவாதங்களை வாசித்தபோதும் சரி, இன்றும் சரி, எழுத்தாளர்களின் பக்கமே. கதைக்குள் மனிதர்கள் தங்கள் வாயால் பேச வேண்டும். ஆனால் கதை வேறு, சம்பளக் கடிதம் வேறு. கதையில் ஒருவருடைய ஊர் தெரிய வேண்டும். சம்பளக் கடிதத்தில் யாருடைய ஊரும் தெரியக் கூடாது.

கிரேக்கருக்கும் நம்மைப் போல இரட்டை வழக்கு இருந்தது. 1976 இல் அவர்கள் பழைய நடையைக் கல்வியிலிருந்து நீக்கி மக்கள் வழக்கை ஏற்றுக்கொண்டார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். நமக்கு அந்த அறுவை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நம்முடைய எழுத்து வழக்கு செத்த மொழியன்று. நல்ல பத்திரிகையின் முதற்பக்கச் செய்தியைத் தோட்டத்து அக்கா வாசிக்கின்றார், விளங்கிக்கொள்கின்றார். அதே இலக்கணத்தில்தான் கந்தோர்க் கடிதமும் எழுதப்படுகின்றது. முன்னதில் விளங்குவது பின்னதில் விளங்காமற் போவதற்குத் தமிழ் பொறுப்பாகாது.

பத்திரிகையில் எனக்குத் தொழில் பழக்கிய செய்தி ஆசிரியர் ஒரு காரியம் செய்வார். நாங்கள் எழுதிக் கொடுப்பதைத் தானே திருத்தமாட்டார். தேநீர் கொண்டு வரும் ஐயாவைக் கூப்பிட்டு, எங்களைக் கொண்டே அவருக்கு வாசித்துக் காட்டச் செய்வார். வாசித்து முடிந்ததும், "ஐயா, என்ன நடந்ததாம்?" என்று கேட்பார். ஐயா சொல்வது செய்தியோடு பொருந்தினால் தாள் அச்சுக்குப் போகும். இல்லாவிட்டால் எங்கள் கைக்கே திரும்பும். முதல் மாதத்தில் என்னுடைய தாள்கள் பெரும்பாலும் திரும்பின. பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவன் என்ற கர்வம் தேநீர்க் கோப்பையோடு இறங்கியது. ஆனால் அவர் எங்களை ஒருபோதும் கொச்சையாக எழுத விட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய நாளில் புதுக்கடை நீதிமன்ற வாசலிலும் கச்சேரி வாசல்களிலும் தட்டச்சுப் பொறியுடன் உட்கார்ந்திருந்த பெத்திசம் எழுதுகின்றவர்கள் மக்களின் பேச்சை அரசாங்கத்தின் நடைக்கு மாற்றிக் கொடுத்துப் பிழைத்தார்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இதைத் தலைகீழாக்குகின்றது. கோரிக்கையை எழுத்தில் சமர்ப்பிக்க முடியாத ஒருவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அதிகாரியின் கடமை. கீழேயிருந்து மேலே போகும் பேச்சுக்கு அரசாங்கம் இவ்வளவு இரங்கி வந்திருக்கின்றது. மேலேயிருந்து கீழே வரும் எழுத்தை விளங்கும்படி எழுது என்று அதிகாரியைப் பணிக்கும் ஏற்பாடும் ஒரு நாள் வர வேண்டும். அதுவரை எங்கள் வாசலில் ஆட்கள் நிற்பார்கள்.

அக்காவுக்காக ஒரு கடிதம் எழுதினேன். உங்களுடைய கடிதத்தை நான் தவறாக விளங்கிக்கொண்டேன், அதனால் தாமதம், எந்த ஆவணங்கள் தேவை என்று தயவுசெய்து பெயர் குறிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று நான்கு வரி. அவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்கினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தாமதத்தை மன்னித்திருந்தார்கள், இரண்டு ஆவணங்களின் பெயரையும் எழுதியிருந்தார்கள். எதிர்வரும் திங்கட்கிழமை முற்பகல் 9.30 மணிக்கு மூலப் பிரதிகளுடன் அலுவலகத்துக்குச் சமுகமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

அக்கா இம்முறை கடிதத்தை அலுமாரியில் வைக்காமல் வந்த அன்றே கொண்டு வந்தார். வழியில் தானே எழுத்துக் கூட்டி வாசித்திருந்தார் போலும். உட்காருவதற்கு முன்னரே கேட்டார்:

"தம்பி, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, அது விளங்குது. சமுகம் அளிக்கணுமாமே, அது எவ்வளவு வரும்? காசாவா கொடுக்கணும்?"